பள்ளத்தில் ஆறாவது ஆள்

தம்பியின் மேஜையில் மூன்றாவது இழுப்பறை பாதி வந்து மாட்டிக்கொண்டது. பெரியவள் இடது கையால் மேஜையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெடுக்கென்று இழுத்தாள். திருகாணிகள், தேய்ந்துபோன லிப்ட் பொத்தான்கள், பழைய பேட்டரிகள் எல்லாம் கலகலவென்று உருண்டன. அடையாள அட்டை மட்டும் இல்லை.

அட்டை இல்லாமல் உடலைக் கொடுக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நகல் செல்லாது, அசல்தான் வேண்டும். தம்பியின் உயிர் போய் முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெயர் போய் 'உடல்' ஆகிவிட்டான். தம்பி மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க போய் எடுத்துட்டு வந்துடுங்க அண்ணி" என்று அவள் சொன்னபோது பெரியவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்தாள். அவன் உயிர் போன பத்து நாற்பதுக்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்காவது இழுப்பறையில் கை வைத்தபோது யாரோ கூப்பிட்டார்கள்.

"பெரியவ..."

தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற மெல்லிய குரல். பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. ஜன்னல் வழியாக முற்பகல் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தெருவில் யாரோ ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவை அவள்தான் தாழிட்டிருந்தாள்.

"பெரியவ, இருக்கியா?"

அவளை அப்படிக் கூப்பிட இனி உலகத்தில் யாரும் இல்லை. வீட்டில் இரண்டே பிள்ளைகள். இவள் பெரியவ, அவன் சின்னவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தப் பெயரை விடாமல் வைத்திருந்தது அவன் ஒருவன்தான். அக்கா என்று அவன் வாய் தவறிக்கூட அவளைக் கூப்பிட்டதில்லை. "போ பெரியவ, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பான், நாற்பத்து நான்கு வயதிலும்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டாள். குரல் மேஜை மேலிருந்து வந்தது. அங்கே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அவனுடைய ஹெட்போன் கவிழ்ந்து கிடந்தது.

அப்போதுதான் திரை எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். மூன்று நாளாக எரிகிறது. மூன்று நாளுக்கு முன் அவனுக்கு வார விடுமுறை. மத்தியானம் இதே நாற்காலியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போன பரபரப்பில் யார் கம்ப்யூட்டரை அணைப்பார்கள்?

திரையில் ஒரு கரும்பாறை விளிம்பு. அதன் மேல் சாம்பல் நிறப் போர்வை போர்த்திய ஒரு கிழவி அசையாமல் நின்றிருந்தாள். இடது புருவத்தைக் குறுக்காக வெட்டி ஒரு தழும்பு. பெரியவளின் விரல் தானாகத் தன் புருவத்துக்குப் போனது. ஐந்து வயதில் அவன் வீசிய கரண்டி பட்ட தழும்பு அது.

கிழவியின் தலைக்கு மேல் எழுதியிருந்தது: 'பெரியவ. அழைப்பாளர். லெவல் 59.'

விளையாட்டைப் பற்றி அவன் சொல்லியிருக்கிறான். அதில் சேரும்போதே ஆளாளுக்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்ள வேண்டும். வாள் பிடிப்பவன், வில் பிடிப்பவன், திருடன், மந்திரக்காரன் என்று. எடுத்த தொழில்தான் தலையெழுத்து. வாள்காரனுக்கு லெவல் ஏற ஏற தோள் அகலும். திருடனுக்குக் காலடிச் சத்தம் குறைந்துகொண்டே போகும். "நீ என்ன தொழில்டா?" என்று கேட்டதற்கு அழைப்பாளர் என்றான்.

"பேங்க்ல இருந்து லோன் வேணுமா லோன் வேணுமான்னு கூப்பிடுறானுங்களே, அந்த வேலையா?"

அவன் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "செத்தவங்களப் பேர் சொல்லித் திரும்பக் கூப்பிடுற வேலை பெரியவ. யாரும் இத எடுக்கமாட்டாங்க. ஒரு ஈ எறும்பக்கூடக் கொல்ல முடியாது. மத்தவங்களுக்கு எதிரியக் கொன்னா லெவல் ஏறும். எனக்கு, கூட வந்தவன் செத்து, நான் அவனக் கூப்பிட்டாத்தான் ஏறும். அதுலயும் லெவல் ஏறினா அவங்களுக்குப் பலம் கூடும், எனக்கு ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் வயசு கூடும்."

"இந்தக் கருமத்த எதுக்குடா எடுத்த?"

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். அவன் நிஜ வேலையும் கிட்டத்தட்ட அதுதான். லிப்ட் ரிப்பேர்காரன். கரண்டு போய் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிப்ட் நின்றுவிட்டால் கதவு இடுக்கில் வாயை வைத்து, இருட்டில் கிடப்பவர்களோடு அவன் பேசுவதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உள்ள எத்தனை பேரு?"

ஹெட்போன் மறுபடி முனகியது. "பெரியவ, நான் கேடயக்காரி பேசறேன். என் முறை முடியப்போகுது. அடுத்து திருடன் கூப்பிடுவான்."

பெரியவள் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். காது வைக்கும் இடத்தில் அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை இருந்தது.

"யாருங்க நீங்க?" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குரல்கள் கத்தின. "வந்துட்டாரு!" "யோவ், எங்கய்யா போயிட்ட?" "இரு இரு, இது பொம்பளக் குரல்."

"நான் அவன் இல்லீங்க. அவனோட அக்கா."

"அவர் எங்கம்மா?" இது கேடயக்காரி. நடுவயசுக் குரல். "மூணு நாளா முறை போட்டுக் கூப்பிடறோம். பேச்சுக்கு நடுவுல நின்னுட்டாரு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இன்னைக்குக் காலைல," என்றாள் பெரியவள். "பத்து நாப்பதுக்கு."

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹெட்போனில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. வெகு தூரத்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அது இவள் தெருவில் இல்லை, வேறு யாருடைய தெருவிலோ.

"நீங்க போங்கம்மா," என்றாள் கேடயக்காரி கடைசியில். "ஆக வேண்டியதப் பாருங்க. நாங்க வச்சுடறோம்."

பெரியவள் ஹெட்போனைக் கழற்றப்போனாள். திரையில், பாறை விளிம்புக்குக் கீழே ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தாள். ஆழமான பள்ளம். அடியில் வெளுத்த உருவங்கள், துவைத்துத் துவைத்து நிறம் போன துணிகள் போல, முகத்தை மேலே தூக்கியபடி நின்றிருந்தன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் நேரம் குறைந்துகொண்டிருந்தது.

"கீழ நிக்கிறது நீங்களா?"

"ஆமாம்மா. அவர் நின்ன கொஞ்ச நேரத்துல நாங்க எல்லாரும் செத்துட்டோம். அவர் கூப்பிட்டாத்தான் எந்திரிக்க முடியும்."

"இல்லன்னா?"

ஒரு ஆண் குரல் குறுக்கே வந்தது. அவன்தான் திருடன் போலிருக்கிறது. நிஜத்தில் ஏதோ பேங்க் வாசலில் காவலாளியாக இருக்கிறான் என்று தம்பி சொல்லிச் சிரித்திருக்கிறான். "இல்லன்னா லெவல் ஒண்ணுக்குப் போயிருவோம். எட்டு வருஷ உழைப்பு. அத விடுங்க. விளையாட்டுதான."

விளையாட்டுதானே என்று எட்டு வருஷமாக அவள் தம்பியைத் திட்டியிருக்கிறாள். அதே சொல்லை இன்னொருவர் அவளிடம் விட்டுக்கொடுப்பது என்னவோ போலிருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருக்கையில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அவளுக்குச் சரியாக இல்லை, உள்ளே சரிந்தாள்.

"எப்படிக் கூப்பிடணும்?"

"அம்மா, வேணாம்..."

"எப்படிக் கூப்பிடணும்னு கேட்டேன்."

பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்து என்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓர் எழுத்து தப்பினால் கிழவியின் உயிர் குறையும். பெரியவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பத்திர அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பார்த்தறியாத ஆயிரக்கணக்கானோரின் பெயர்களை, ஒரு கொம்பு குறையாமல், ஒரு புள்ளி கூடாமல் அடித்தவள்.

விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்து அழிந்திருந்தன. அவன் விரல் தேய்த்தவை. கண்ணை மூடிக்கொண்டே அவள் கை அவற்றைக் கண்டுபிடித்தது.

'கேடயக்காரி.'

பள்ளத்தில் ஒரு வெளுத்த உருவம் நடுங்கியது. நிறம் ஏறியது. அகன்ற தோள்களோடு ஒரு பெண் எழுந்து பாறையைப் பிடித்து ஏறி வந்தாள். அதே நேரம் மேலே நின்ற கிழவியின் கன்னம் ஒரு சுருக்கு உள்வாங்கியது.

"வந்துட்டேன்மா," என்றது ஹெட்போன். குரல் உடைந்திருந்தது.

'திருடன்.' சத்தமே இல்லாமல் ஒரு ஒல்லி உருவம் கிழவியின் பின்னால் வந்து நின்றது. பிறகு கேடயக்காரி சொல்லச் சொல்ல மூன்றாவது பெயர், நான்காவது. ஒவ்வொரு பெயருக்கும் புருவத் தழும்புக்குக் கீழே கண் இன்னும் கொஞ்சம் குழிந்தது. பெரியவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, கார்டு கிடைச்சுதா?"

"தேடறேன்."

"அவரோட வேலைப் பையில பாருங்க. முன் ஜிப்புல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, கோவமா இருக்கீங்களா?"

பெரியவள் போனை வைத்துவிட்டாள்.

மூன்று நாளில் அவன் இதயம் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் டாக்டர்கள் நெஞ்சை அழுத்தி, மின்சாரம் கொடுத்து, திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை விலா எலும்பு முறிந்தது. கண் திறக்கவே இல்லை. இன்று காலை மூன்றாவது முறை நின்றபோது டாக்டர் வெளியே வந்து இரண்டு பேரையும் பார்த்தார். "இன்னொரு தடவை பாருங்க டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பெரியவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மனைவிதான் சொன்னாள்: "போதும். விட்டுடுங்க." கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது.

ஐந்தாவது பெயரையும் அடித்து முடித்தாள். கடைசி ஆள் மேலேறி வந்ததும் திரை முழுக்க வெள்ளையாக ஒரு ஒளி பரவி அடங்கியது. கிழவியின் தலைமுடி வேரிலிருந்து நுனிவரை வெளுத்திருந்தது. தலைக்கு மேல் எண் மாறியிருந்தது: 60.

"அறுபது," என்றான் திருடன் மெதுவாக. "அழைப்பாளர்ல யாரும் இதுவரைக்கும் அறுபதப் பாத்ததில்ல."

திரையின் நடுவில் ஒரு வரி வந்து நின்றது. 'இனி நீங்கள் எவரையும் அழைக்கலாம்.'

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள் பெரியவள்.

"வந்தாச்சும்மா. அஞ்சு பேருதான்."

"அப்ப கீழ நிக்கிறது யாரு?"

பள்ளத்தின் அடியில், மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்து தள்ளி, பாறை ஓரமாக, இன்னொரு வெளுத்த உருவம் நின்றிருந்தது. சின்ன உருவம். கையில் வாளும் இல்லை, வில்லும் இல்லை. மேலே பார்க்காமல் குனிந்திருந்தது.

"அது காலைல இருந்து நிக்குதும்மா," என்றாள் கேடயக்காரி. "வேற யாரோ வழி தவறி வந்து செத்துட்டாங்கன்னு நெனச்சோம். பேசிப் பாத்தோம். பதிலில்ல."

"காலைலன்னா எப்ப?"

"நான்தான் அப்ப முறைல இருந்தேன்." திருடனின் குரல் வறண்டிருந்தது. "பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி."

பெரியவள் மவுஸை நகர்த்தினாள். உருவத்தின் மேல் எழுத்துகள் தெரிந்தன. 'சின்னவன். தொழில் இல்லை. லெவல் 1.' மீதி நேரம் ஆறு நிமிடம்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது. வீடு முழுக்க அமைதி. அவள் கைகள் மேஜை மேல் கிடந்தன. அவை தன்னுடையவை போலவே இல்லை.

"அந்தப் பேரு எனக்குத் தெரியும்," என்றாள் கேடயக்காரி. "அவர் ரொம்ப நாளைக்கு முன்னாடி போட்டு வச்ச ஆளு. எங்கக்கா என்னைக்காவது விளையாட வந்தா அவங்களுக்கு இதக் கொடுப்பேன், அவங்க சின்னவனா இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. ஆனா அம்மா, அத உள்ள கொண்டுவர அவராலதான் முடியும். வேற யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது."

பெரியவளின் விரல்கள் விசைகளுக்குப் போயிருந்தன. 'சி' விழுந்தது. 'ன்' விழுந்தது. எத்தனை ஆயிரம் முறை, எத்தனை தெருமுனைகளில் நின்று, விளக்கு வைக்கிற நேரத்தில் கத்திக் கூப்பிட்ட பெயர். ஒரு முறைகூட முதல் கூப்பாட்டுக்கு அவன் வந்ததில்லை. 'ன', 'வ', 'ன்'. என்டர் மட்டும்தான் பாக்கி.

"கூப்பிட்டா வருவானா?" என்றாள். வருமா என்று கேட்கவில்லை.

"வந்துதான் ஆகணும்," என்றான் திருடன். "கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியாது. அதான் ரூலு." அவன் தயங்கினான். "ஆனா லெவல் ஒண்ணும்மா. இந்தப் பள்ளத்துல இருக்கற சின்னப் பூச்சிக்கே லெவல் அம்பது. வந்த வேகத்துல திரும்பச் சாவான். நீங்க திரும்பக் கூப்பிடலாம். அவன் திரும்பச் சாவான். அப்படியே கூப்பிட்டுக்கிட்டே இருக்கலாம்."

"வலிக்குமா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமான கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"தெரியலம்மா," என்றாள் கேடயக்காரி.

நான்கு நிமிடம். பள்ளத்தில் அந்தச் சின்ன உருவம் முதல் முறையாகத் தலையைத் தூக்கியது. முகம் என்று ஒன்றும் சரியாக வரையப்படவில்லை. இரண்டு நிழல், ஒரு கோடு. ஆனாலும் அது கிழவியைப் பார்க்கவில்லை. கிழவியைத் தாண்டி, திரையைத் தாண்டி, நேராக நாற்காலியில் இருப்பவளைப் பார்த்தது.

பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே அழிக்கும் விசையைத் தொட்டாள். கடைசி 'ன்' போனது. பிறகு 'வ'. அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. தப்பாக அடித்த பத்திரத்தைத் திருத்துவது போல அல்ல. தூங்குகிறவன் போர்வையைச் சரிசெய்வது போல. 'சி'யும் போன பிறகு கட்டம் வெறுமையாக இருந்தது. கோடு மட்டும் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"கீழ எறங்கறது எப்படி?" என்றாள்.

கேடயக்காரி சொல்லிக்கொடுத்தாள். கிழவி பாறை பாறையாகத் தடுமாறி இறங்கினாள். இரண்டு தடவை வழுக்கினாள். சின்ன உருவத்தின் பக்கத்தில் போய் நின்றாள். நிற்கத்தான் முடியும்; தொட முடியாது. செத்தவர்களால் நடக்கவும் முடியாது.

ஒரு நிமிடம். முப்பது நொடி. ஹெட்போனில் ஐந்து பேரின் மூச்சும் கேட்டது.

நேரம் பூஜ்யத்தைத் தொட்டது.

"இப்ப மறைஞ்சிடும்," என்ற திருடன் பாதியில் நிறுத்தினான். "ஏய்... இது நடக்குதே."

சின்ன உருவம் திரும்பி, பள்ளத்தின் மறுபக்கம், வரைந்தவர்கள் ஒன்றும் வரையாமல் விட்டிருந்த இருட்டை நோக்கி நடந்தது. ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவனுடைய நடை. ஒரு இடத்துக்குப் பிறகு அது தெரியவில்லை. அவ்வளவுதான்.

வெகு நேரம் கழித்து கேடயக்காரி கேட்டாள். "அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன். நேரமாச்சு. வச்சுடறேன்."

வேலைப் பையின் முன் ஜிப்பில் அட்டை இருந்தது. ஓரம் மடங்கி, கிரீஸ் விரல்ரேகையோடு.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமான, ஜன்னலில்லாத வராந்தா. அதன் கோடியில் ஒரு அறை. தம்பி மனைவி அதே பெஞ்சில், அதே இடத்தில் இருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன சொல்வாளோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

"எதாச்சும் குடிச்சியா?" என்று கேட்டாள் பெரியவள்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பெரியவள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

அந்த அறையின் காவலாளி அட்டையில் இருந்த படத்தையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தார். "கிட்ட வந்து பாத்துச் சொல்லுங்கம்மா." போர்த்தியிருந்த துணியை இடுப்புவரை விலக்கினார்.

வந்த அன்று போட்டிருந்த சட்டையையே திரும்ப மாட்டியிருந்தார்கள். யாரோ அவசரத்தில் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மேலே ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கோணலாக இருந்தது.

"இவன்தான்," என்றாள் பெரியவள்.

காவலாளி எழுதிக்கொள்ள வெளியே போனார். அவள் குனிந்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். தம்பி மனைவி எதிர்ப்பக்கம் வந்து சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சரியான துளை பார்த்துப் போட்டுக்கொண்டே மேலே வந்தார்கள். நெஞ்சுக்குழிக்கு நேரே இருக்க வேண்டிய பொத்தானைக் காணவில்லை. அவசர சிகிச்சையில் சட்டையைக் கிழித்துத் திறந்தபோது தெறித்திருக்கும். நூல் மட்டும் தொங்கியது.

பெரியவள் அந்த இடத்தில் சட்டையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, விரல்களால் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டியைப் பின்பக்கமாக எடுத்து வருகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர்கள் வந்து தூக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.